பெயர் எழுதாத கவர்கள்

டொக்டர்மாருடைய கையெழுத்து விளங்காது என்று எல்லோரும் குறை சொல்வார்கள். எனக்கு அந்தக் கஷ்டம் இருந்ததில்லை. இருபத்தாறு வருடமாகப் பாலாவிச் சந்தியில் பார்மசி வைத்திருக்கிறேன். கோழி கிண்டியது மாதிரி எழுதினாலும் வாசித்துவிடுவேன். உங்கள் பொலிஸ் சார்ஜன் நேற்று என் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினார். அழகான கையெழுத்து. வாசித்துக் காட்டியபோது திகதி, பெயர், மருந்து எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஏன் செய்தேன் என்பது மட்டும் அதில் இல்லை. அவர் கேட்கவும் இல்லை. நீங்கள் கேட்டீர்கள், தமிழில் எழுதித் தரலாம் என்றும் சொன்னீர்கள். அதனால் எழுதுகிறேன், ஐயா. தேநீர் வாங்கித் தந்ததற்கும் நன்றி.

என் பெயர் செய்னுலாப்தீன், வயது ஐம்பத்தொன்று. தொண்ணூறாம் வருடம் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர்களில் நானும் ஒருவன். என் மனைவி ரம்ஸியா சிறுநீரக வருத்தத்தில் மௌத்தாகி ஆறு வருடமாகிறது. ஒரே மகள் ஷிஹாரா. இறந்துபோன ஃபஸ்லான் அவளுடைய கணவன்.

என் கடையில் மருந்தை வெள்ளைக் கவரில் போட்டுக் கொடுப்பது வழக்கம். கவரின் மேலே காலை, பகல், இரவு என்று மட்டும் எழுதுவேன். மருந்தின் பெயரை எழுதமாட்டேன், ஆளின் பெயரையும் எழுதமாட்டேன். இது சட்டப்படி பிழை என்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் பக்கத்தில் அதைத்தான் எல்லோரும் விரும்பினார்கள். இந்தச் சந்தியில் ஒருவன் தும்மினால் கற்பிட்டியில் அவனுக்கு ஆவி பிடிக்கத் தண்ணீர் கொதிக்கும், அப்படிப்பட்ட ஊர். மனநோய்க்கு மாத்திரை எடுக்கும் பெண்ணும், மூலவியாதிக்காரரும், பிள்ளை வேண்டாம் என்று இருப்பவர்களும் என்னிடம்தான் வருவார்கள். நான் ஒன்றும் கேட்கமாட்டேன். அது என்னுடைய நல்ல பெயர்.

இளைஞர்கள் வரத் தொடங்கியது ஏழெட்டு வருடத்துக்கு முன்னர். அண்ணன் முறையில் என்னை நானா என்று அழைப்பார்கள். முதலில் வந்தவன் யூட். கற்பிட்டிப் பக்கத்துக் கத்தோலிக்கப் பையன், அப்போது இருபது வயது, வெள்ளைக்காரர் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்கும் ஹோட்டல் ஒன்றில் வேலை. படகில் விழுந்து இடுப்பில் அடிபட்டதற்கு டொக்டர் நரம்பு வலிக் கேப்ஸியுல் எழுதிக் கொடுத்திருந்தார். இரண்டாம் மாதம் அதே மருந்துத் துண்டைக் கொண்டு வந்தான். மூன்றாம் மாதம் துண்டின் போட்டோக் கொப்பி. அதன்பிறகு துண்டில்லாமல் வந்தான், கூட்டாளிகளையும் அழைத்து வந்தான். வலி இல்லாதவர்கள் அந்தக் கேப்ஸியுலை ஏன் கேட்கிறார்கள் என்பது எனக்கு விளங்காமல் இல்லை.

அவர்கள் ஆண்களை விரும்பும் ஆண்கள். கற்பிட்டியில் ஒரு அறை எடுத்திருந்தார்கள், மாதத்தில் ஒருநாளோ இரண்டு நாளோ அங்கே கூடுவார்கள். கூடுவதற்கு முன்னர் பயம் வரும், வாப்பா ஞாபகம் வரும், பாதர் ஞாபகம் வரும். கேப்ஸியுல் அதையெல்லாம் மூடிவிடும். மூடும்போது நிதானத்தையும் சேர்த்து மூடிவிடும், என்ன செய்தோம் என்பது மறுநாள் பாதிதான் நினைவிருக்கும். கேப்ஸியுல் வாங்கியவர்களில் ஒருவரும் ஆணுறை கேட்டதில்லை. அதை நான் பால்மா டின்களுக்குப் பின்னால் வைத்திருந்தேன், கேட்பவர்கள் வெட்கப்படக் கூடாது என்று. பிறகு புண், எரிவு, வீக்கம் என்று வருவார்கள். நான் அன்டிபயோட்டிக் கொடுப்பேன். புண் ஆறும். வருத்தம் ஆறியதா என்று பார்க்க ரத்தம் சோதிக்க வேண்டும், அதற்கு ஆஸ்பத்திரியில் தனிக் கிளினிக் இருக்கிறது, இலவசம், ரகசியம். அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அங்கே போகப் பயந்துதானே என்னிடம் வந்தார்கள்.

ஃபஸ்லான் யூட்டோடு வந்தவன். உப்பளத்தில் மேற்பார்வை வேலை, வீட்டில் காக்கா என்று அழைக்கும் அண்ணனின் சொல்தான் சட்டம். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வருவான். கால்சட்டையின் விளிம்பில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருக்கும், செருப்பைக் கழற்றித் தட்டிவிட்டுத்தான் படியேறுவான். மற்றவர்கள் வாங்கியதும் போய்விடுவார்கள். இவன் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து கதைப்பான். உப்பு விளைச்சலைப் பற்றி, மழையைப் பற்றி, என் மகளின் படிப்பைப் பற்றி. ரம்ஸியா போனதிலிருந்து என்னிடம் யாரும் இருந்து கதைத்ததில்லை. நாலரை மணியானால் நான் மேசையைத் துடைத்து வைப்பேன். இதில் பிழை ஏதும் இருந்ததாக எனக்கு இப்போதும் தோன்றவில்லை.

அவனும் யூட்டும் ஐந்து வருடமாக ஒன்றாக இருந்தார்கள். அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னர் யூட் கத்தாருக்குப் போக மெடிக்கல் எடுத்தான். அதில் பெயிலாகிவிட்டான். ஒரு வாரம் கழித்துக் கடைக்கு வந்தபோது முகம் சுண்டியிருந்தது. கடையில் ஆள் இல்லை.

“நானா, எனக்கு எச்.ஐ.வி. இருக்குதாம். கனகாலமா உடம்பில இருந்திருக்காம்.”

நான் கதிரையைக் காட்டினேன். அவன் இருக்கவில்லை.

“கிளினிக்கில மிஸ் நல்ல மாதிரிக் கதைச்சவ. ஒழுங்கா மருந்து எடுத்தா ஒண்டும் ஆகாதாம், மற்ற ஆக்களப் போல வாழலாமாம். ஃபஸ்லானும் வந்து ரத்தம் குடுக்கோணும். இந்தத் துண்ட அவன்ட கையில குடுக்கச் சொன்னவ. அவன்ட காக்கா என்ன வீட்டுப் பக்கமும் உப்பளத்துப் பக்கமும் வரக்கூடாதெண்டு சொல்லி, போனையும் பறிச்சு வச்சிருக்கிறார். உங்களிட்ட எப்பிடியும் வருவான்தானே.”

“ஓம், வருவான்.”

“கட்டாயம் குடுங்க நானா. அவன் மெலிஞ்சு போறான், நீங்களும் பாக்கிறீங்கதானே.”

துண்டில் நோயின் பெயர் இல்லை. ஒரு இலக்கம், அறை இலக்கம், கிளினிக் நடக்கும் நாள். கிட்டத்தட்ட என்னுடைய கவரைப் போலத்தான். அதை இன்சுலின் வைக்கும் குளிர்ப்பெட்டியில், பெட்டிகளுக்கு அடியில் வைத்தேன். கொடுக்கும் எண்ணத்தோடுதான் வைத்தேன், ஐயா. முதல் நாள் அவன் வரவில்லை. இரண்டாம் நாள் வந்தபோது கடையில் ஆட்கள் நின்றார்கள். மூன்றாம் நாள் தனியாக வந்தான், கதிரையில் இருந்தான், எனக்கு முன்னமே பேசத் தொடங்கிவிட்டான்.

“நானா, வீட்டில எனக்குக் கலியாணம் பேசறாங்க. எலுவன்குளத்தில. காணி, வயல் எல்லாம் இரிக்கிதாம். காக்கா ஒரே பிடியா நிக்கிறார்.”

எங்கள் ஆட்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பது. பெண்ணுக்கு வீடு கொடுப்பார்கள், மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேருவான். எலுவன்குளம் வில்பத்துக் காட்டு ஓரம். அங்கே போனால் அவன் பெருநாளைக்கு ஒருமுறை பாலாவிக்கு வருவான். துண்டைக் கொடுத்தால் கிளினிக்குக்குப் போவான், அங்கே யூட் இருப்பான், ஒரே வருத்தம் ஒரே மருந்து என்று இருவரும் ஒட்டிக்கொள்வார்கள். இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் போனாலும் அந்தக் கதிரை வெறுமையாகத்தான் இருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவனுடைய காக்காவைப் பள்ளி வாசலில் சந்தித்தேன். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், மேல்மாடி கட்டி முடித்து வைத்திருக்கிறேன், கைக்கூலி என்று சீதனப் பேச்சே வேண்டாம் என்றேன். அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஷிஹாராவுக்கு அப்போது இருபத்திரண்டு. என்னிடம் கேட்டாள், “வாப்பாக்குத் தெரிஞ்ச ஆள்தானே?” என்று. நன்றாகத் தெரிந்த ஆள் என்றேன். அது பொய்யில்லை.

ஃபஸ்லானைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் யோக்கியன். நிக்காஹ்வுக்கு மூன்று கிழமை இருக்கும்போது மத்தியானத்தில், வழமையில்லாத நேரத்தில் கடைக்கு வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“எனக்கு ஏலாது நானா. உங்கட மகள்ட வாழ்க்கைய நான் நாசமாக்க மாட்டேன். நான் எப்பிடிப்பட்ட ஆளெண்டு உங்களுக்குத் தெரியும்தானே.”

“தெரியும். கலியாணம் முடிஞ்சா எல்லாம் சரிவரும்.”

“சரி, அதை விடுங்க. எனக்கு ரத்தம் பாக்கணும். அடிக்கடி காய்ச்சல் வருது. என்னத்தையும் கொண்டுபோய் அந்தப் புள்ளைக்குக் குடுத்திரக் கூடாது. எங்க போய்ப் பாக்கிற, சொல்லுங்க.”

அவன் கேட்டது அந்த ஒன்றைத்தான். நான் கையை எட்டிக் குளிர்ப்பெட்டியைத் திறந்தால் போதும். நான் மேசை லாச்சியைத் திறந்து சீனி வருத்தம் பார்க்கும் மெஷினை எடுத்தேன். அவனுடைய இடது கை நடுவிரலை ஸ்பிரிட்டில் துடைத்து, ஊசியால் குத்தி, ஒரு துளியைப் பட்டியில் வைத்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தான். மெஷின் தொண்ணூற்று நாலு என்று காட்டியது.

“தொண்ணூத்தி நாலு. நூறுக்குக் கீழ. உனக்கு ஒரு வருத்தமும் இல்ல,” என்றேன்.

“உண்மையா நானா?”

“இலக்கம் பொய் சொல்லுமா?”

அவன் அந்தப் பட்டியை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மேசையில் தலையை வைத்து அழுதான். உப்பளத்தில் வேலை செய்பவனுக்கு அந்த மெஷினைத் தெரியாது. பார்மசிக்காரன் சொன்னதை நம்பினான். சீனி அளவு உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

கலியாணம் நல்லபடியாக நடந்தது. பெட்டியோடு வந்து மேல்மாடியில் இருந்தான். நானா என்றவன் மாமா என்று அழைக்கத் தொடங்கினான். அது எனக்குப் பிடிக்கவில்லை, பழகிக்கொண்டேன். காலையில் ஒன்றாகப் பாண் சாப்பிடுவோம், பின்னேரம் ஒன்றாகப் பள்ளிவாசலுக்குப் போவோம். கேப்ஸியுலை அவன் விட நினைத்தான். முதல் கிழமை விட்டும் பார்த்தான், கை நடுங்கியது, வியர்த்தது, ஷிஹாரா பயந்துவிட்டாள். திடீரென்று விடுவது உடம்புக்குக் கூடாது. நானே கவரில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்திருக்கலாம். குறைத்தால் அவனுக்கு என் கையில் என்ன தேவை இருக்கும் என்று ஒருநாள் யோசித்தேன். அதன்பிறகு குறைக்கவில்லை.

யூட் ஒருமுறை வந்தான். ஆள் நன்றாகத் தேறியிருந்தான், முகத்தில் சதை பிடித்திருந்தது.

“நானா, அந்தத் துண்ட குடுத்தீங்களா?”

“அண்டைக்கே குடுத்துட்டேன்.”

“கிளினிக்குக்கு வரேல்லையாமே?”

“அவன் கொழும்பில போய்ப் பாத்துட்டான். அவனுக்கு ஒண்டும் இல்ல. உன்னோட இனிக் கதைக்க விருப்பமில்லையாம். கலியாணம் கட்டின பொடியன், விட்டுரு யூட்.”

அவன் “நல்லா இருந்தாச் சரி” என்று சொல்லிவிட்டுப் போனான். என்னிடம் ஒரு பெனடோல்கூட அதன்பிறகு வாங்கவில்லை.

ஷிஹாரா உண்டானபோது எல்லோருக்கும் சந்தோஷம். இந்த நாட்டில் பிள்ளை சுமக்கும் பெண்களுக்கெல்லாம் கிளினிக்கில் ரத்தம் எடுத்து எச்.ஐ.வி. பார்ப்பார்கள். ஆகவே நான் மகளிடம், மூன்று மாதம் கழியட்டும், இப்போதே மிட்வைஃபிடம் சொன்னால் ஊரெல்லாம் தெரிந்து கண்ணூறு படும் என்றேன். தாயில்லாத பிள்ளை, நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். மூன்று மாதம் நாலாகியது. இடையில் ஃபஸ்லானுக்கு இருமல் பிடித்தது.

அந்த இருமலைப் பற்றித்தான் சார்ஜன் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். அவர் எழுதியபடி பதினொரு நாள் அவனை வீட்டில் வைத்திருந்தேன் என்பது சரி. கர்ப்பிணிக்குக் காய்ச்சல் தொற்றக்கூடாது என்று சொல்லி, அவனுடைய மெத்தையைக் கீழே என் அறைக்கு இறக்கினேன். இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாகக் கடையைப் பூட்டினேன். கஞ்சி கரண்டியால் ஊட்டினேன், நெஞ்சில் தைலம் தடவினேன், சட்டை மாற்றிவிட்டேன். காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மருந்து கொடுத்தேன், கேப்ஸியுலையும் நிறுத்தவில்லை. இருமல் பாணி மருந்தோடு சேர்ந்தால் அது மூச்சைத் தாழ்த்தும் என்பது இத்தனை வருடம் மருந்து விற்றவனுக்குத் தெரியும். அவன் சத்தமில்லாமல் படுத்திருந்தான். ஷிஹாரா கதவடியில் வந்து வந்து நிற்பாள். “ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம் வாப்பா” என்பாள். ஆஸ்பத்திரி வாட்டில் போட்டால் நோய் கூடும் என்று அனுப்பிவிடுவேன். வாட்டில் முதலில் ரத்தம்தான் எடுப்பார்கள்.

எட்டாம் நாள் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். கண் திறக்கவில்லை. “யூட்” என்றான். நான் “ஓம்” என்றேன். கையை விடாமல் தூங்கிவிட்டான். அன்று நான் லுஹர் தொழவில்லை, எழும்பினால் அவன் விழித்துவிடுவான் என்று அப்படியே இருந்தேன்.

பதினோராம் நாள் காலையில் ஷிஹாரா என்னிடம் கேட்காமல் 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸை வரவழைத்தாள். எங்களைப் போன்றவர்களுக்கு அது ஊரை விட்டு வந்த வருடம், அவளுக்கு அது வெறும் இலக்கம். ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னென்ன மருந்து எடுத்தார் என்று கேட்டிருக்கிறார். அவள் என் அறையிலிருந்த கவர்களையெல்லாம் பையில் அள்ளிக்கொண்டு போயிருந்தாள், நாற்பதுக்கு மேல். காலை, பகல், இரவு, அதைத் தவிர ஒன்றிலும் ஒன்றும் இல்லை. டொக்டர் எனக்குப் போன் எடுத்தார். விட்டமின் என்றேன். மறுநாள் மாலை மக்ரிபுக்குச் சற்று முன்னர் ஃபஸ்லான் மௌத்தானான். ரத்த முடிவும் அன்றுதான் வந்தது.

மகளுக்கும் எச்.ஐ.வி. இருக்கிறது. மருந்து தொடங்கிவிட்டார்கள், ஒழுங்காக எடுத்தால் பிள்ளைக்கு வராமல் தடுக்கலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். ஃபஸ்லானும் இரண்டு வருடத்துக்கு முன்னர் தொடங்கியிருந்தால் இன்று உப்பளத்தில் நின்றிருப்பான் என்றும் சொன்னாராம். ஜனாஸா அடக்கத்துக்கு வந்த யூட் துண்டைப் பற்றி அவளிடம் சொல்லியிருக்கிறான். அவள் கடைச் சாவியை எடுத்துப் போய்க் கடை முழுவதும் தேடி, கடைசியில் குளிர்ப்பெட்டியைத் திறந்து, துண்டோடு நேரே உங்களிடம் வந்தாள். நான் அவளைக் குறை சொல்லமாட்டேன். அவளை அப்படித் துணிவாகத்தான் வளர்த்தேன்.

நேற்று அவளை என் முன்னால் கொண்டுவந்து இருத்தினீர்கள். அவள் அழவில்லை. ஒன்றைத்தான் கேட்டாள்.

“வாப்பா, அவர நீங்க எனக்கா மாப்பிள்ள எடுத்தீங்க, உங்களுக்கா?”

தகப்பனிடம் கேட்கக்கூடாத கேள்வி. அவனைக் கெட்ட எண்ணத்தோடு நான் ஒருநாளும் தொட்டதில்லை, மகளுக்கு அது தெரிய வேண்டும்.

நீங்கள் கேட்ட காரணத்துக்கு வருகிறேன். ஒன்பதாம் நாள் காலையில் அவனுடைய நகங்கள் நீலமாக இருந்தன. மூச்சை எண்ணிப் பார்த்தேன். அது மூச்சு தாழ்ந்து போவதன் அடையாளம் என்று எனக்குத் தெரியும், ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் பிழைக்க இடமுண்டு என்றும் தெரியும். பிழைத்தால் ரத்த முடிவு தெரியவரும், துண்டைப் பற்றித் தெரியவரும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு யூட்டிடம் போய்விடுவான். அதனால் கதவைச் சாத்தி, அந்த நேரத்து மருந்தைக் கொடுத்து, தலையைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். அன்றும் மறுநாளும் அப்படித்தான் இருந்தோம். என் வாழ்நாளில் அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததில்லை. என்னைவிட்டுப் போகக்கூடாது என்று நினைத்ததைத் தவிர, ஃபஸ்லானுக்கு நான் வேறு ஒரு கெடுதலும் நினைக்கவில்லை, ஐயா.